சனம் எங்க போச்சு?

போர்க்காலப் பள்ளிப் பருவம் என்றதும் நம்மில் பலருக்குப் பிறநாட்டு நூல்களே நினைவுக்கு வரும். பதுங்குகுழியில் நடந்த தேர்வுகள், பாதியில் நின்றுபோன வகுப்புகள், ஆசிரியர் போர்முனைக்குச் சென்றுவிட்ட பள்ளிக்கூடங்கள். ஊத்துக்கோட்டையில் அப்படி எதுவும் நிகழவில்லை. மணி அடித்தது, வகுப்பு நடந்தது, தேர்வும் குறித்த நாளில் முடிந்தது. ஆயினும் 1999 ஜூன் தொடங்கி 2000 ஏப்ரல் வரை நீண்ட எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டைப் போர்க்கால ஆண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆண்டில் எங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு போர்கள் இருந்தன. ஒன்றைப் பற்றி நாள்தோறும் உரத்துப் பேசினோம். மற்றொன்று மூன்றாம் வரிசை பெஞ்சில் எங்களோடு அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊரைப் பற்றிச் சில சொற்கள். ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரணியாற்றங்கரையில் அமைந்தது ஊத்துக்கோட்டை. ஆற்றைக் கடக்க அன்று தரைப்பாலம்தான். மழைக்காலத்தில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டால் பாலம் நீருக்குள் போய்விடும். மறுகரையிலிருந்து வரும் மாணவர்களின் இடம் வகுப்பில் காலியாகக் கிடக்கும். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஒலிக்கும். பள்ளிகொண்ட ஈசுவரனைக் காணச் சுருட்டப்பள்ளிக்குச் சைக்கிளில் போய்வருவோம். வேறு மாநிலத்துக்குள் நுழைந்து திரும்பினோம் என்ற எண்ணமே எழாது. 1996இல் கண்டலேறு அணையிலிருந்து வந்த கிருஷ்ணா நீரும் எங்கள் ஊரருகேதான் தமிழகத்துக்குள் புகுந்தது. எல்லை என்பது தண்ணீரும் மனிதரும் எளிதில் கடந்துபோகும் ஒரு கோடு என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த எண்ணத்துக்கு நேர்மாறான ஓர் எல்லையைத் தொலைக்காட்சி எங்களுக்குக் காட்டியது. 1999 மே மாதத்தில் கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவல் கண்டறியப்பட்டது. ஜூனில் பள்ளி திறந்தபோது போர் முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. பீரங்கி முழங்குவதை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்க நேர்ந்த முதல் இந்தியத் தலைமுறை எங்களுடையது. ஜூன் 8ஆம் நாள் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 47 ஓட்டங்களில் வென்றது. அன்றிரவு கடைத்தெருவில் வெடித்த பட்டாசு கிரிக்கெட்டுக்கா, கார்கிலுக்கா என்று கேட்டிருந்தால் வெடித்தவர்களே திகைத்திருப்பார்கள். ஜூன் 13இல் டோலோலிங், ஜூலை 4இல் டைகர் ஹில் என்று மலைகளின் பெயர்களை வேதியியல் சமன்பாடுகளைவிட விரைவில் மனப்பாடம் செய்தோம். பத்தாண்டுகளாக ஊழல் என்னும் சொல்லோடு சேர்ந்தே ஒலித்துவந்த போஃபர்ஸ், அந்த ஒரு மாதத்தில் பெருமிதத்துக்குரிய பெயராயிற்று.

காலை வழிபாட்டில் இரண்டு நிமிட மௌனம் சேர்ந்தது. பால்பவுடர் டப்பாவின் மூடியில் துளையிட்டு, மூவண்ணத் தாள் ஒட்டி, வகுப்பு வகுப்பாக நிதி திரட்டினோம். பேருந்து நிலையத்துக் கடைகளிலும் டப்பாவை நீட்டினோம். தேநீர்க் கடைக்காரர் முதல் பூ விற்கும் அம்மா வரை எவரும் மறுக்கவில்லை. சேர்ந்த சில்லறையை ஆசிரியர் அறை மேசையில் கொட்டி, அடுக்கி, எண்ணி முடித்த மாலையில் எங்களுக்கு ஏற்பட்ட பெருமை உண்மையானது. இன்றைய சொற்களைக் கொண்டு அதை மாற்றி எழுத வேண்டியதில்லை.

அந்தப் பெருமிதத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் பீகார் ரெஜிமென்டின் அதிகாரி. மே 29ஆம் நாள் பட்டாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவருடைய உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தப் பனிச்சரிவிலேயே கிடந்தது. மீட்கச் சென்றவர்களால் நெருங்க முடியவில்லை. ஜூலையில்தான் உடல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, நாங்கள் மௌனமாக நின்ற ஒவ்வொரு காலையிலும் அவர் அங்கேயே கிடந்திருக்கிறார் என்பது உறைத்தது. பிற்பாடு அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்தப் போரில் உயிர் நீத்தனர்.

வகுப்பின் பின்சுவரில் இந்திய வரைபடம் ஒன்று தொங்கியது. மீட்கப்பட்ட ஒவ்வொரு மலைக்கும் ஒரு குண்டூசி, அதில் ஒரு சிறு கொடி. ஜூலையில் ஒருநாள் கொடி குத்திக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"உங்க இருந்த சனம் எங்க போச்சு?"

கேட்டவனை நாங்கள் 'மன்னார்' என்று அழைப்போம். பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. எங்களுக்கு அவன் மன்னார்தான். அவனும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பான். அவனுடைய கேள்விக்கு விடை பின்னர் செய்தித்தாளின் உள்பக்கத்தில் கிடைத்தது. திராஸிலும் கார்கில் நகரத்திலும் இருந்த மக்கள், எறிகணைக்கு அஞ்சி வீடுகளைப் பூட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் வெளியேறியிருந்தனர். எங்கள் கொடிகள் மலைமுகடுகளில் நின்றன. அவன் அடிவாரத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறான்.

1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. அதன்பின் ஓராண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படகேறித் தமிழகக் கரைக்கு வந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுவனாக அவனும் ஒருவன். அவனுடைய ஊர் மன்னார்ப் பெருநிலத்தில் அடம்பன் பக்கம். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, கும்மிடிப்பூண்டி முகாமுக்கு அனுப்பப்பட்டது அவன் குடும்பம். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர். கிலோ 57 காசுக்கு அரிசியும், மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் கிடைத்தன. பெரியவர்கள் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலைக்குப் போயினர். அவ்வாறு எங்கள் ஊர்ப்பக்கம் வேலைக்கு வந்து ஓர் அறை எடுத்துத் தங்கிய சித்தப்பாவோடு இவனும் இருந்து படித்தான். முகாமில் ஆள்கணக்கு எடுக்கும் நாளில் மட்டும் வகுப்புக்கு வரமாட்டான். எங்களுக்கு வருகைப்பதிவேடு ஒன்று, அவனுக்கு இரண்டு.

அவனிடம் இருந்த சொற்கள் எங்களிடம் இல்லை. நாங்கள் 'போர்' என்போம். அவன் 'சண்டை' என்பான், பல வேளைகளில் வெறுமனே 'பிரச்சினை' என்பான். 'ஷெல் விழுந்தது' என்பதை 'மழை பெய்தது' என்பது போலச் சொல்வான். இடம்பெயர்தல் என்ற சொல்லை அதுவரை நாங்கள் இலக்கணக் குறிப்புப் போன்ற ஒன்றாகவே அறிந்திருந்தோம். அவனுக்கு அது வயதைக் கணக்கிடும் அளவுகோல். "இரண்டாந்தரம் இடம்பெயர்ந்தபோது தங்கச்சி பிறந்தவ" என்பான்.

அவனுடைய போருக்கு வழிபாட்டுக் கூட்டத்தில் இடம் கிடையாது. அதற்குக் காரணங்கள் இருந்தன. 1991 மே மாதம் எங்கள் ஊரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் தமிழகத்தில் அகதிகள் மீதான பார்வையே மாறிவிட்டது. முகாம்கள் கியூ பிரிவுக் காவலர்களின் கண்காணிப்பில் இருந்தன. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது 1999 மே 11இல். எங்கள் பள்ளி திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர். "வெளியில வாய் திறக்காதே" என்று அவன் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடலுக்கு அப்பால் நடப்பதைப் பற்றி அவன் கருத்துச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. எந்தப் பக்கத்தையும் அவன் புகழ்ந்ததில்லை, வைததுமில்லை. கேள்வி மட்டும் கேட்பான். அதுவும் எப்போதும் ஒரே கேள்வி.

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் தமிழையா பாடத்தை முடித்துவிட்டு, மீதியிருந்த நேரத்தில் பாரியின் கதையைச் சொன்னார். மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டது, பாரி மாண்டது, அவன் மகளிர் இருவரும் அடுத்த முழுநிலவைக் கண்டு, போன மாத நிலவில் தங்களுக்குத் தந்தையும் குன்றும் இருந்ததை நினைத்துப் பாடியது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு அது, துறை, கையறுநிலை. ஐந்தே அடிகள். பாரியின் மகளிர் அதில் யாரையும் சபிக்கவில்லை; சூளுரைக்கவில்லை. போன மாதத்தையும் இந்த மாதத்தையும் அருகருகே வைத்ததோடு நின்றுவிட்டார்கள். ஐயா சொல்லி முடித்ததும் வகுப்பு அமைதியாக இருந்தது. மன்னார் எழுந்தான்.

"அதுக்குப் பிறகு அவை எங்க போச்சினம், ஐயா?"

வழக்கமாக அந்தப் பாட்டோடு கதை முடிந்துவிடும். ஐயா மறுபடியும் அமர்ந்தார். தொடர்ந்து சொன்னார். தந்தையின் நண்பரான கபிலர் அவ்விரு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனதை, விச்சிக்கோனிடம் கேட்டதை, இருங்கோவேளிடம் கேட்டதை, அவர்கள் ஏற்றுக்கொள்ளாததை, இறுதியில் பார்ப்பாரிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்ததை.

"அப்ப அவையும் அகதிதானே ஐயா?"

ஐயா உடனே விடை சொல்லவில்லை. கரும்பலகையில் 'அகதி' என்று எழுதினார். கதி அற்றவர் அகதி, வடசொல் என்றார். 'புலம்பெயர்' என்றொரு பழஞ்சொல்லும் உண்டு, அது பட்டினப்பாலையில் கடல்கடந்து பொருளீட்ட வந்தவர்களைக் குறிக்கிறது என்றார். பிறகு, "ஆமாம் தம்பி. அகதிதான். நான் இத்தனை வருஷமாக அந்தச் சொல்லைப் போட்டுச் சொன்னதில்லை" என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் படித்தவற்றுள் பெரும்பகுதி மறந்துவிட்டது. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட அந்த ஒற்றைச் சொல் மறக்கவில்லை. இலக்கியம் படிப்பது என்றால் என்ன என்பதை எங்களுள் சிலர் அன்றைக்குத்தான் அறிந்தோம்.

நவம்பரில் கடலுக்கு அப்பால் வன்னியில் சண்டை கடுமையாயிற்று. சித்தப்பாவின் அறையில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. இரவு ஒன்பதேகால் மணிக்கு பி.பி.சி. தமிழோசை. செய்தி முடியும்வரை அந்த அறையில் யாரும் சோற்றில் கைவைக்க மாட்டார்கள். நவம்பர் 20ஆம் நாள் மடுமாதா கோயிலில் எறிகணைகள் விழுந்தன. ஊர்களை விட்டு வந்து அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களுள் நாற்பது பேரளவில் மாண்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டின. மன்னார் மாவட்டத்து மக்களுக்கு மடு வெறும் கோயிலன்று. எந்தச் சண்டையிலும் அங்கே போய்விட்டால் உயிர் தங்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவனுடைய பெரியம்மா குடும்பம் அப்போது அங்கேதான் இருந்தது.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் வழக்கம்போல் வந்தான், வழக்கம்போல் எழுதினான். கொழும்பில் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண் அவர்களிடம் இருந்தது. பேசிப் பார்க்கப் பணம்தான் இல்லை. அவன் எங்களிடம் கேட்கவில்லை. நாங்கள் ஐந்து பேர் எங்களுக்குள் பேசி, கையிலிருந்ததைச் சேர்த்தோம். இம்முறை டப்பா இல்லை, மூவண்ணத் தாள் இல்லை. எவரிடமும் காரணம் சொல்லவும் முடியாது. கணக்கு நோட்டின் தாளில் சில்லறையை மடித்து எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தருகே இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்கு அவனையும் சித்தப்பாவையும் அழைத்துப் போனோம்.

கண்ணாடிக் கதவுக்குள் சித்தப்பா நின்றார். கதவுக்கு வெளியே மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். எங்கள் பணம் எந்த எண்ணோடு முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அந்த எண் வருவதற்குள் சித்தப்பா வெளியே வந்துவிட்டார். "அங்கயும் ஒண்டும் தெரியேல்லையாம்" என்றார். மீதிச் சில்லறையை எண்ணி எங்கள் கையில் திருப்பித் தந்தார். நாங்கள் வேண்டாம் என்றோம். "இல்லத் தம்பி, அடுத்த முறைக்கு வேணும்" என்றார். கார்கில் நிதிக்குச் சேர்த்த டப்பாவில் எவ்வளவு இருந்தது என்பது இன்று நினைவில் இல்லை. அன்று திரும்பி வந்தது பதினோரு ரூபாய் ஐம்பது காசு.

டிசம்பர் 24இல் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்திய விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. ஆண்டு முடியும் நாள்வரை ஊரெங்கும் அதே பேச்சு. பயணிகளின் உறவினர்கள் தொலைக்காட்சியில் அழுததைக் கண்டு எங்கள் வீட்டுப் பெண்களும் அழுதார்கள். காத்திருத்தலின் வேதனையை ஊரே ஒரு வாரம் உணர்ந்தது. அந்த அறையில் அதே காத்திருத்தல் அப்போது ஆறாவது வாரத்தில் இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கடிதம் வந்திருந்தது. அப்பியாசக் கொப்பியின் தாளில் எழுதி, யாரோ ஒருவர் கையில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அஞ்சலில் வந்த கடிதம். ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது சொன்னான்: "பெரியம்மா இருக்கிறா." நாங்கள் மூச்சு விட்டோம். சற்றுக் கழித்து, "பக்கத்தில படுத்திருந்த ரெண்டு பேர் இல்லையாம்" என்றான். அவர்கள் யார் என்று சொல்லவில்லை. இன்னும் சற்றுக் கழித்து, யாரையோ கேட்பதுபோல், "மிச்சச் சனம் எங்க போச்சு எண்டு எழுதேல்லை" என்றான்.

மார்ச் மாதம் அரசுப் பொதுத்தேர்வு. ஏப்ரல் 22இல் ஆனையிறவு புலிகளிடம் வீழ்ந்தது என்ற செய்தியும் அந்த டிரான்சிஸ்டரின் வழியே வந்தது. தேர்வு முடிவு வெளிவந்தபோது எங்களுள் பலரைவிட அவனுடைய மதிப்பெண் கூடுதல். மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒன்றாகப் போனோம். ஒருவர் சான்றிதழை ஒருவர் வாங்கிப் பார்த்தோம். நாட்டினம் என்ற இடத்தில் எங்கள் அனைவருக்கும் ஒரே சொல். அவனுடையதில் வேறு சொல். அவன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சுருட்டப்பள்ளிக்குப் போய்வரலாமா என்றான். சைக்கிளில் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பினோம்.

சித்தப்பாவோடு வண்ணம் அடித்துக்கொண்டே அஞ்சல்வழியில் பட்டம் படித்தான். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு அவனுடைய குடும்பம் ஊர் திரும்பியது. வீட்டைத் திருத்திக் கூரை போட்டதையும், கிணற்றை இறைத்ததையும் எழுதினான். 2006இல் சண்டை மீண்டும் மூண்டது. அந்த ஆண்டின் இறுதியில் வந்தது கடைசிக் கடிதம். 2008இல் மடுவும் அடம்பனும் இராணுவத்தின் கைக்குள் வந்தன. அந்தப் பக்கத்து மக்களுள் பலர் கிழக்கு நோக்கி நகர்ந்து, நகர்ந்து, இறுதியில் முல்லைத்தீவுக் கடற்கரையில் முடக்கப்பட்டதையும், 2009 மே மாதத்தில் அங்கே நிகழ்ந்ததையும் உலகம் அறியும். எங்கள் கடிதங்களுக்கு மறுமொழி வருவது அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. கும்மிடிப்பூண்டி முகாமில் இன்னும் இருக்கும் அவனுடைய உறவினர்களிடம் ஆண்டுக்கொரு முறையேனும் போய்க் கேட்டுவருகிறோம். அவன் கேட்ட கேள்வியைத்தான் அவனைக் குறித்து நாங்கள் கேட்கிறோம்.

கல்லூரியில் புறத்திணை நடத்தும்போது மாணவர்கள் வீரத்தைத்தான் முதலில் எதிர்பார்க்கிறார்கள். பாடமும் அதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று படிப்படியாக வெற்றியை நோக்கி ஏறும் வைப்புமுறை. ஆனால் வஞ்சித் திணைக்குள் கொற்றவள்ளை என்றொரு துறை இருக்கிறது. வென்ற அரசனைப் பாடும்போதே, தோற்றவன் நாடு அழிந்ததற்கு இரங்குவது அது. புறநானூற்றின் நான்காம் பாட்டில் சோழனின் படைப்பெருமையை அடுக்கிக்கொண்டே போகும் பரணர், பகைவர் நாடு தாயில்லாக் குழந்தையைப் போல ஓயாமல் அழுகிறது என்று சொல்லி முடிக்கிறார். பரிசில் பெற வந்த புலவர், கொடுக்கப்போகும் மன்னனின் முகத்துக்கு நேரே அந்த அழுகையை வைக்கிறார். புகழ்ச்சிப் பாட்டுக்குள்ளும் எதிர்ப்பக்கத்து அழுகைக்கு இடம் வேண்டும் என்று ஒரு துறையையே வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. கடைப்பிடிப்பது கடினம்.

முகாம்களுக்கு இப்போது வேறு பெயர். 2021இல் தமிழக அரசு அவற்றை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பல இடங்களில் புது வீடுகளும் எழுந்தன. தமிழையா கரும்பலகையில் எழுதிய சொல் அரசுப் பலகைகளிலிருந்து நீங்கியது நல்லதே. எனினும் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் வாழ்கின்றனர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம்புரிந்த தலைமுறையும் அவர்களுள் உண்டு. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை. பாரி மகளிருக்குக் கபிலர் இருந்தார். விச்சிக்கோன்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஜூலை 26இல் கார்கில் வெற்றி நாளுக்குக் கல்லூரியில் நிகழ்ச்சி உண்டு. மேஜர் சரவணனின் படத்துக்கு மலர் தூவுகிறோம். அந்த மௌனத்தில் இன்றும் குறையேதும் இல்லை. அடுத்து வரும் புறநானூற்று வகுப்பில் 112ஆம் பாட்டை நடத்திவிட்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறோம். பாரி இறந்தான், மகளிர் கபிலரோடு போனார்கள். பறம்பு நாடு முந்நூறு ஊர்களைக் கொண்டது என்பது புறநானூறே தரும் கணக்கு. அந்த முந்நூறு ஊர்களின் மக்கள் எங்கே போனார்கள்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக. தொகைநூல்களில் இதற்கு விடை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒவ்வோராண்டும் முகாமிலிருந்து வந்து படிக்கும் ஓரிருவர் அந்த வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு பக்கம் போதுவதில்லை. கூடுதல் தாள் கேட்பார்கள்.